எத்தனை புள்ளி போட்டீங்க மகள்?

எங்கள் கூடைப்பந்து அணியில் நான் ஆடுவது குறைவு. புள்ளிப் பதிவு மேசையில் இருந்து எழுதுவதே அதிகம். கையெழுத்து தெளிவாக இருக்கிறது என்பதற்காகத் தந்த வேலை அது. ஒருத்தி ஆடுகளத்தில் இறங்கினால் பதிவுத் தாளில் அவளது பெயருக்கு நேரே ஓர் 'எக்ஸ்' குறி போடுவோம். முதல் ஐவரில் ஒருத்தி என்றால் அந்தக் குறியைச் சுற்றி ஒரு வட்டம். அதற்குப் பிறகு அவள் கூடையில் பந்தைப் போட்டாலோ, தவறு இழைத்தாலோ மட்டும்தான் அவளைப் பற்றி எழுத எனக்கு இடமிருக்கும்.

சென்ற வருடம் ஓர் ஆட்டம். எதிரணியின் மிகச் சிறந்த வீராங்கனையைக் காவல் காக்கும் பொறுப்பை எங்கள் அணியில் ஒருத்தியிடம் கொடுத்திருந்தார்கள். நிழலைப் போலத் தொடர்ந்தாள். இரண்டாம் பாதி முழுக்க அந்தப் பிள்ளைக்கு ஒரேயொரு கூடைதான் கிடைத்தது. நாங்கள் வென்றோம். ஆட்டம் முடிந்ததும் இவளைக் கூட்டிப் போக வந்த வாப்பா, மேசையில் கிடந்த தாளைக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "எத்தனை புள்ளி போட்டீங்க மகள்?"

பெயருக்கு நேரே வட்டமிட்ட ஓர் எக்ஸ் மட்டும்தான் இருந்தது. அவள் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டே நின்றாள். அடுத்த தவணை அவள் அணியில் இல்லை. உயர்தரம் வந்துவிட்டது, விளையாடினது போதும் என்று வீட்டில் முடிவாகிவிட்டதாம்.

அவளது வாப்பாவை நான் குறை சொல்லவில்லை. தாளில் இல்லாததை அவர் எப்படி வாசிப்பார்? ஆனால் அன்றிலிருந்து சர்வதேச இளையோர் ஆட்டங்களின் புள்ளிவிபர அட்டவணைகளை நான் வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினேன்.

அந்த அட்டவணைகளில் ஒரு வீராங்கனைக்குப் பத்துக்கும் மேற்பட்ட நிரல்கள் உண்டு. எத்தனை நிமிடம் ஆடினாள், எத்தனை முறை எறிந்து எத்தனை கூடைக்குள் விழுந்தன, தவறிய பந்தை எத்தனை தடவை பிடித்தாள், தோழி கூடை போட வழிசெய்து எத்தனை தடவை பந்து கொடுத்தாள், எத்தனை பறித்தாள், எத்தனை தடுத்தாள், எத்தனையைக் கை நழுவவிட்டாள் என்று எல்லாம் இருக்கும். இவற்றைச் சேர்த்துச் 'செயற்றிறன்' என்று ஓர் எண்ணும் போடுவார்கள். கணக்கு கடினமானதல்ல. நல்லவை எல்லாவற்றையும் கூட்டி, தவறிய எறிகளையும் நழுவவிட்ட பந்துகளையும் கழித்தால் சரி.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஒருத்தி 18 புள்ளி எடுத்தாள். ஆனால் 22 தடவை எறிந்து 7 மட்டுமே விழுந்தன. தண்ட எறிகளில் இரண்டு தவறின. ஐந்து பந்தை நழுவவிட்டாள். தவறிய பந்தைப் பிடித்தது 3, தோழிக்கு வழிசெய்தது 1, பறித்தது 1. கூட்டினால் 23, கழிக்க வேண்டியது 22. மிச்சம் 1. இன்னொருத்தி 4 புள்ளிதான் எடுத்தாள். மூன்று தடவை எறிந்தாள், இரண்டு விழுந்தன. பிடித்தது 9, வழிசெய்தது 5, பறித்தது 3, தடுத்தது 1, நழுவவிட்டது 1. அவளுக்கு 20. வீட்டுக்குப் போனதும் யாருக்குப் பாராட்டு கிடைக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

உலக அளவிலும் இதைக் காணலாம். 2021 இல் ஹங்கேரியின் டெப்ரசென் நகரில் 19 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகக் கிண்ணம் நடந்தது. இறுதி ஆட்டத்தில் ஐக்கிய அமெரிக்கா 70–52 என்று அவுஸ்திரேலியாவை வென்றது. தொடரின் மிகப் பெறுமதியான வீராங்கனையாகத் தெரிவானவர் கெய்ட்லின் கிளார்க். பின்னாளில் அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் 3,951 புள்ளிகள் எடுத்துச் சாதனை படைத்தவர் அவரே. ஆனால் டெப்ரசெனில் ஓர் ஆட்டத்துக்கு அவரது சராசரி 14.3 புள்ளிகள்தான். அதோடு 5க்கும் மேற்பட்ட பந்துப் பிடிப்புகளும், தோழிகளுக்கு வழிசெய்த 5க்கும் மேற்பட்ட கொடுப்புகளும் இருந்தன. புள்ளி நிரலை மட்டும் பார்ப்பவருக்கு அந்த விருதின் காரணம் பாதிதான் விளங்கும்.

இவ்வளவு நிரல்கள் இருந்தும் அட்டவணைக்கு அகப்படாதவையும் உண்டு. தோழியைத் துரத்தி வருபவளின் குறுக்கே அசையாமல் நின்று தோளில் இடி வாங்குகிறாளே, அதற்கு நிரல் கிடையாது. எதிராளி எறிய மனமில்லாமல் பந்தைத் திருப்பிக் கொடுக்கும்படி முன்னால் நின்றாளே, அதற்கும் இல்லை.

இன்னொரு கூட்டத்துக்கு நிரல் அல்ல, வரிசையே இருக்கவில்லை. தலையை மூடிக்கொண்டு சர்வதேச ஆட்டங்களில் ஆடப் பாதுகாப்பைக் காரணம் காட்டி நீண்ட காலம் அனுமதி இருக்கவில்லை. 2014 இல் தென்கொரியாவின் இன்ச்சியோனில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் கட்டார் பெண்கள் அணி மொங்கோலியாவுக்கு எதிராக ஆட வந்தது. ஹிஜாபைக் கழற்றச் சொன்னார்கள். அவர்கள் மறுத்து, ஆடாமலே வெளியேறினார்கள். ஆடாமல் இழந்த ஆட்டத்துக்கு விதிப்படி 20–0 என்று போடுவார்கள். யாரும் எறியாத, யாரும் வியர்க்காத இருபது புள்ளிகள்!

கூடைப்பந்தாட்டம் 1891 இல் பிறந்த ஊர் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்பிரிங்ஃபீல்ட். அதே ஊரைச் சேர்ந்த பில்கீஸ் அப்துல் காதர் பாடசாலைக் காலத்தில் பர்தாவோடு ஆடி 3,070 புள்ளிகள் எடுத்தார். ஆண், பெண் இருபாலாரையும் சேர்த்து அந்த மாநிலத்தின் சாதனை அது. பல்கலைக்கழகத்திலும் அப்படியே ஆடினார். ஐரோப்பாவில் தொழில்முறையாக ஆட நினைத்தபோது அந்த விதி குறுக்கே நின்றது. விதியை மாற்றக் கோரிக் குரல் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். 2017 மே மாதம் சர்வதேச கூடைப்பந்தாட்டச் சம்மேளனத்தின் மாநாட்டில் மாற்றம் அங்கீகரிக்கப்பட்டு, ஒக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

ஆக, இன்று எங்களைத் தடுக்கும் விதி அங்கே இல்லை. ஆனால் உலக இளையோர் கிண்ணங்கள் எந்த வயதுக்கு நடக்கின்றன என்று பாருங்கள். ஒன்று 17 வயதுக்குட்பட்டோருக்கு, மற்றது 19 வயதுக்குட்பட்டோருக்கு. எங்கள் கணக்கில் அது சரியாக உயர்தர வயது. மற்ற நாட்டுப் பிள்ளைகள் ஆட்டத்தில் முதிரும் அந்த வயதில்தான் நாங்கள் சப்பாத்தைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிறோம்.

பெற்றோரே, உங்கள் பயம் எங்களுக்கும் தெரியும். இசட் புள்ளியில் ஒரு தசம இடம் பிசகினால் பல்கலைக்கழக அனுமதி கையை விட்டுப் போய்விடும். பின்னேரம் ரியூஷன், இரவு கடந்தகால வினாத்தாள். நானும் அந்த ஓட்டத்தில்தான் இருக்கிறேன், அதைக் கேலி செய்யவில்லை. ஆனால் வாரத்தில் இரண்டு பின்னேரம் பயிற்சி, ஒவ்வொன்றும் ஒன்றரை மணித்தியாலம். மொத்தம் மூன்று மணித்தியாலம். அதை விட்டவர்கள் எல்லோரும் அந்த நேரத்தில் படிக்கிறார்களா என்று உங்கள் பிள்ளையிடமே கேளுங்கள். உண்மையைச் சொன்னால், கையில் ஃபோன்தான் இருக்கும். (உம்மா இதை வாசிக்கக் கூடாது.)

அணியை விட்டவள் இப்போதும் என் வகுப்பில்தான் இருக்கிறாள். பயிற்சி நாட்களில் மணி அடித்த பிறகும் மேல்மாடி நடையில் நின்று ஆடுகளத்தைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள்.

அடுத்த ஆட்டத்துக்கு நான் ஒரு சீஆர் கொப்பியும் கொண்டு போகப் போகிறேன். நிரல்கள் கீறி வைத்தாயிற்று. பிடித்தது, கொடுத்தது, பறித்தது, தடுத்தது. கடைசியில் அகலமாக ஒரு நிரல், அதற்குத் தலைப்பு இன்னும் போடவில்லை. யாரை யார் காத்தார்கள், யார் இடி வாங்கினார்கள் என்பதையெல்லாம் அதில் எழுதுவேன். எழுதக் கூடவொருத்தி வேண்டும். அவளைத்தான் கேட்டிருக்கிறேன். வாப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள்.