மாத்திரை போட்டால் கோபம் போய்விடுமா?

நம் தோழர்கள் மத்தியில் மனநலம் பற்றிய பேச்சு வந்தால் ஒரு வாதம் தவறாமல் எழும். சாதிதான் நோய், சமூகம்தான் நோயாளி, அப்படியிருக்க ஒடுக்கப்பட்டவர் எதற்காக மாத்திரை விழுங்க வேண்டும் என்பது அது. கேட்கக் கம்பீரமாக இருக்கிறது. ரோஹித் வெமுலா (2016), முத்துகிருஷ்ணன் (2017), பாயல் தாட்வி (2019) என்று நம் தலைமுறை இழந்தவர்களை நினைத்துப் பார்த்தால் வாதத்தின் முதல் பாதியை மறுக்கவே முடியாது. நிறுவனக் கொலைகளைத் தனிமனித பலவீனமாக எழுதி மூட முயன்றவர்களை நாம் பார்த்திருக்கிறோம். எனக்குப் பிரச்சினை இரண்டாவது பாதியோடுதான்.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கேரள மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்களின் உழைப்பு பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். மூன்று ஆண்டுகளாக நானும் மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துவருகிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் தோன்றியதைத்தான் எழுதுகிறேன். மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்று நாம் போடும் சண்டையில், மாத்திரை போடுகிறவரின் உடம்பு காணாமல் போய்விடுகிறது.

முதலில் மாத்திரை என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை என்று பார்ப்போம். மூளையில் செரோடோனின் குறைந்துவிட்டது, மாத்திரை அதை நிரப்புகிறது என்று பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்ட கதைக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று 2022இல் ஜோவன்னா மான்கிரீஃப் குழுவினர் பழைய ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். நம்மில் பலர் இதைப் பகிர்ந்து, 'எல்லாம் மருந்துக் கம்பெனிச் சதி' என்று முடித்துக்கொண்டோம். ஆனால் மருந்து எப்படி வேலை செய்கிறது என்பது வேறு, வேலை செய்கிறதா என்பது வேறு. 2018இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, 522 பரிசோதனைகளையும் 1,16,477 பேரையும் கணக்கில் எடுத்து, 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிடக் கூடுதலாகப் பலன் தருகின்றன என்று சொன்னது. சராசரியாகப் பார்த்தால் அந்தப் பலன் பெரிதல்ல, மிதமானதுதான். சிலருக்கு வாழ்க்கையையே மீட்டுத் தருகிறது, சிலருக்கு ஒன்றுமே ஆவதில்லை. லேசான மனச்சோர்வுக்கு மாத்திரை தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. எழுந்து உட்கார முடியாத, சோறு இறங்காத, செத்துவிடலாமா என்று தோன்றுகிற நிலையில் இருப்பவரிடம் போய் 'சமூக மாற்றம் வரும்வரை பொறு' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இனி மலைக்கு வருவோம். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், போடி பக்கத்துக் கிராமங்களிலிருந்து விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பும். குமுளி வழி, கம்பம்மெட்டு வழி, போடிமெட்டு வழி என்று வண்டன்மேடு, நெடுங்கண்டம், சாந்தன்பாறை பக்கத்துத் தோட்டங்களுக்குப் போகின்றன. அவற்றில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நிலமில்லாத தலித் குடும்பங்களுக்கு இதுதான் அன்றாடக் கூலி. ஜீப் ஏறுவதற்கு முன் சோறாக்கி, தண்ணீர் பிடித்து, பிள்ளைக்கு எடுத்து வைத்துவிட வேண்டும். எழுவது மூன்றரை, நான்கு மணிக்கு.

அப்படி எழ வேண்டிய ஒருவருக்கு இரவில் அமிட்ரிப்டிலின் எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும்? பழைய வகை மருந்து, விலை குறைவு, வலிக்கும் தூக்கத்துக்கும் சேர்த்தே கேட்கும். கூடவே மறுநாள் காலைவரை தூக்கக் கலக்கம், வாய் வறட்சி, மலச்சிக்கல், சிறுநீர் கழிப்பதில் சிரமம், சட்டென்று எழுந்தால் தலைசுற்றல். நகரத்தில் மேசை வேலை பார்ப்பவருக்கு இவை தொந்தரவுகள். ஏலச்செடிக்குக் கீழே குனிந்து காய் பறித்து, சரிவில் நிமிர்கிற பெண்ணுக்குத் தலைசுற்றல் என்றால் கால் தவறி விழுவது. வாய் வறண்டால் தண்ணீர் குடிக்க வேண்டும். குடித்தால் ஒதுங்க இடம் வேண்டும். தோட்டத்தில் கழிப்பிடம் இல்லாததால் பகலெல்லாம் தண்ணீரே குடிக்காமல் இருக்கப் பழகிய உடம்பு அது. "மாத்திரை போட்டா காலைல எந்திரிக்க முடியல, எந்திரிக்கலன்னா ஜீப்பு போயிரும்" என்பதுதான் அங்கே நான் திரும்பத் திரும்பக் கேட்ட பேச்சு. ஜீப் போனால் அன்றைய கூலி போச்சு. நாலு நாள் போனால் அந்த ஜீப்பில் இடமும் போச்சு.

புதிய வகையான ஃபுளுவாக்ஸெடின், செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் பரவாயில்லையா என்றால், பெரும்பாலும் பரவாயில்லை. தூக்கக் கலக்கம் குறைவு. ஃபுளுவாக்ஸெடினைக் காலையிலேயே போடலாம். ஆனால் முதல் ஒன்றிரண்டு வாரம் குமட்டும், தலை வலிக்கும், சிலருக்குப் படபடப்பு கூடும். குமட்டலோடு கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பில் போவதை யோசித்துப் பாருங்கள். நாள் முழுக்கக் குனிந்து இடுப்பு வலிக்குத் தினமும் டைக்ளோஃபினாக் போடுபவர்கள் அங்கே நிறைய. இந்த மாத்திரைகளோடு அதுவும் சேர்ந்தால் வயிற்றில் இரத்தக் கசிவு ஏற்படும் அபாயம் கூடுகிறது. 'வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்' என்ற ஒரு கேள்வி போதும், இதைத் தவிர்க்க. வரிசை நீளமாக இருக்கும்போது முதலில் விடுபடுவதும் அந்தக் கேள்விதான்.

பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரமாகும், முழுப் பலனுக்கு அதற்கும் மேல். தொந்தரவோ முதல் நாளே வந்துவிடும். யாரும் இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் பத்து நாளில் நிறுத்திவிடுவது மூடத்தனமல்ல, சரியான கணக்கு. கூடவே தூக்கத்துக்கென்று அல்பிரசோலமும் கொடுத்திருந்தால் நிலைமை தலைகீழாகும். அது அன்றிரவே வேலை செய்வதால் அதை விடமாட்டார்கள், மனச்சோர்வு மாத்திரையை விட்டுவிடுவார்கள். உண்மையில் பழக்கமாகிவிடுகிற மாத்திரை அல்பிரசோலம்தான். மனச்சோர்வு மாத்திரைக்கு அந்த மாதிரி ஏக்கம் வராது. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் மின்சாரம் வெட்டியதுபோல ஓர் உணர்வு வரும். நோய் திரும்பிவிட்டது என்று பலர் இதைப் பார்த்துப் பயந்துபோகிறார்கள். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து, மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகக் குறைப்பதே முறை.

இதைப் படிக்கும் தோழர்கள் பலர் இருபதுகளில் இருப்பீர்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2004இல் சிறாருக்கும், 2007இல் 24 வயது வரையிலானவர்களுக்கும் ஓர் எச்சரிக்கையைச் சேர்த்தது. மாத்திரை தொடங்கும் முதல் வாரங்களிலும் அளவை மாற்றும்போதும் சிலருக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம் என்பது அது. மாத்திரையே வேண்டாம் என்பது அதன் பொருளல்ல. அந்த வாரங்களில் தனியாக இருக்க வேண்டாம், விடுதி அறைத் தோழருக்காவது சொல்லிவையுங்கள், எண்ணம் மோசமானால் அடுத்த தேதிக்குக் காத்திராமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

யாரும் பேசாத விளைவு ஒன்று உண்டு. புதிய வகை மாத்திரைகளில் பல பாலுறவு விருப்பத்தைக் குறைக்கும், உச்சத்தைத் தடுக்கும். ஆணிடமே இதை அரைகுறையாகத்தான் கேட்கிறார்கள். கூலிக்காரப் பெண்ணிடம் யாரும் கேட்பதே இல்லை, அவளுக்கு விருப்பம் என்று ஒன்று இருக்கும் என்ற நினைப்பே இல்லாததுபோல. வீட்டில் புருஷன் சந்தேகப்படுகிறான், அடிக்கிறான், அவள் மாத்திரையை அடுப்பில் போடுகிறாள். மருத்துவக் குறிப்பேட்டில் 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று பதிவாகிறது.

எனவே இது வெறும் மருந்தியல் விஷயமல்ல. பக்கவிளைவைச் சொல்வதற்கு எதிரே இருப்பவர் கேட்பார் என்ற நம்பிக்கை வேண்டும். அம்மா வயதுப் பெண்ணை 'நீ, வா, போ, உட்காரு' என்று ஒருமையில் அழைக்கிற மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு, 'இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கல, மாத்திக் குடுங்க' என்று எப்படிச் சொல்வது? நடைமுறையில் பக்கவிளைவைச் சமாளிக்க அளவைக் குறைக்கலாம், நேரத்தை மாற்றலாம், வேறு மருந்துக்கு மாறலாம். எல்லாமே நோயாளி வாய் திறந்தால்தான் நடக்கும். நானே ஒரு தனியார் மருத்துவமனையில், எடை கூடுகிறது என்று சொன்னபோது, 'உங்க ஆளுங்க இப்பதான் நல்லா சாப்பிடுறீங்க' என்ற பதிலைக் கேட்டவள். ஆங்கிலத்தில் சண்டை போட எனக்குத் தெரிந்திருந்தது.

சட்டம் இருக்கிறது. 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 18ஆம் பிரிவு, சாதி உள்ளிட்ட எந்தப் பாகுபாடும் இல்லாமல் சிகிச்சை பெறும் உரிமையைத் தருகிறது. சாதி என்ற சொல்லே அதில் உண்டு. 22ஆம் பிரிவு, தரப்போகும் சிகிச்சையையும் அதன் தெரிந்த பக்கவிளைவுகளையும் நோயாளிக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும் என்கிறது. நாம் எத்தனையோ சட்டப் பிரிவுகளை மேடையில் ஒப்பிக்கிறோம். இந்த இரண்டையும் எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

சரி, கோபம். மாத்திரை போட்டால் உணர்ச்சி மழுங்கிவிடும் என்ற பயம் கற்பனை அல்ல. சிலருக்கு அழுகையும் வராது, சிரிப்பும் முழுதாக வராது. என் பெரியம்மா இறந்தபோது பந்தலில் கல்லுபோல உட்கார்ந்திருந்தேன். மருத்துவரிடம் சொல்லி அளவைக் குறைத்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. ஆனால் மாத்திரைக்கு முன்பு எனக்கிருந்தது கோபம் என்று யாராவது நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. அது பாயை விட்டு எழ முடியாத நிலை. மனச்சோர்வில் இருப்பவர் போராட்டத்துக்கு வருவதில்லை; வந்த அழைப்பைக்கூட எடுப்பதில்லை. பெரியார் கடைசிக் காலத்தில் மூத்திரக் குழாயைச் சுமந்துகொண்டுதான் ஊர் ஊராகப் போனார். அம்பேத்கர் சர்க்கரை நோய்க்கு மருத்துவம் பார்த்துக்கொண்டேதான் எழுதினார். உடம்புக்கு உதவி தேடியதால் அவர்கள் அரசியல் நீர்த்ததாக யாரும் சொல்வதில்லை. மனதுக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

மாத்திரை மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவரல்லாத உள்ளூர் ஆலோசகர்களைப் பயிற்றுவித்து ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேசவைத்தபோது, மூன்று மாதத்தில் 64 விழுக்காட்டினர் மனச்சோர்விலிருந்து மீண்டனர். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 39 விழுக்காடு. 2017இல் லான்செட்டில் வந்த ஆய்வு இது. நம் ஊர்களில் இரவுப் பாடசாலை நடத்திய இயக்கத்துக்கு இது முடியாத வேலையா?

தேனி மாவட்டத்துக்கு நான் கேட்பது சிறியது. கூடலூர்க்காரர் க.விலக்கு மருத்துவக் கல்லூரிக்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போகும். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை வருகிறது. அந்தப் பையிலேயே மனச்சோர்வு மாத்திரையும் வரட்டும், கொண்டுவருபவர் 'ஒத்துக்கொள்கிறதா' என்று கேட்கட்டும். மருந்து எழுதும் முன், எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்று கேட்கட்டும். பள்ளத்தாக்கின் அரசு மருத்துவமனைகளில் வாரம் ஒரு மாலையாவது மனநல மருத்துவர் உட்காரட்டும். வெளிநோயாளர் பிரிவு மதியத்தோடு முடிகிறது, ஜீப் மலையிறங்குவது சாயங்காலம். இதை மனுவாக எழுதி ஆட்சியரிடம் கொடுக்கத் தோழர்கள் தயாரென்றால், ஆய்வுக் குறிப்புகளோடு நானும் வருகிறேன்.