16 அங்குலத்துக்குள் இருந்தால் சட்டிக்கு

போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. டெக்சாஸின் லேக் ஃபோர்க் ஏரிக்கரையில், விடிந்தும் விடியாத நேரத்தில் எனக்கு ஒரு பாஸ் மீன் மாட்டியது. அளவுப் பலகையில் கிடத்தி, வாயை மூடி, வால் நுனிகளைச் சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். 15 அங்குலம். ஐஸ் பெட்டியில் வைத்து மூடினேன். இருபதடி தள்ளி நின்ற ஒரு பெரியவர் தன் நரம்பைச் சுற்றிக்கொண்டே பக்கத்தில் வந்தார். "அதைச் சாப்பிடவா போகிறீர்கள்? பாஸை யாரும் சாப்பிடுவதில்லையே, அம்மா" என்றார். சட்டப்படி தப்பு என்று அவர் சொல்லவில்லை. சட்டம் அவருக்கும் தெரியும். ஒரு கோயில் சொத்தில் கை வைத்தவளைப் பார்ப்பதுபோல வருத்தப்பட்டுச் சொன்னார். அவர் போன பிறகு வெகுநேரம் எனக்குத் தூண்டிலில் மனசு போகவில்லை.

அன்று அவரிடம் சொல்ல முடியாமல் போனதை இங்கே சொல்கிறேன். எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களிலும் பிள்ளைகள் தூண்டில் வாங்கிக்கொண்டு ஏரிக்குக் கிளம்பியிருக்கிறார்கள். பிடித்ததையெல்லாம் தண்ணீரில் விடுகிறவன் நல்லவன், ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோகிறவன் பேராசைக்காரன் என்ற பேச்சு அவர்களிடமும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அது சரியில்லை. சட்டம் விட்டுவைத்திருக்கும் சிறிய பாஸைச் சாப்பிடுவது ஏரிக்கும் நல்லது, சாப்பிடுகிறவருக்கும் நல்லது.

நான் டைலர் நகரில் செவிலியர். சொந்த ஊர் வீராணம் ஏரிக்குப் பக்கத்துக் கிராமம். மழை ஓய்ந்து வாய்க்காலில் தண்ணீர் தெளியும்போது அப்பா மூங்கில் கோலும் தவளைக் குஞ்சுமாக விராலுக்குப் போவார். தூக்குவாளியோடு நான் பின்னாலேயே போவேன். இங்கே முதல் பாஸைப் பிடித்த அன்று விரால் ஞாபகம்தான் வந்தது. இனம் வேறு, குணம் ஒன்று. பாசி ஓரத்திலும் மரத்தூர் நிழலிலும் அசையாமல் கிடந்து, எதிரே வருவதை ஒரே பாய்ச்சலில் வாய்க்குள் இழுத்துக்கொள்ளும். இரண்டுமே பெற்றதைக் காவல் காக்கும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

லேக் ஃபோர்க் 1980-ல் அணை கட்டி உண்டான ஏரி. ஏறத்தாழ 27,000 ஏக்கர். அடியில் நின்ற மரங்களில் பெரும்பகுதியை வெட்டாமல் அப்படியே மூழ்கவிட்டார்கள். பதுங்கி வேட்டையாடும் மீனுக்கு இதைவிட நல்ல இடம் வேண்டுமா? பெரிதாக வளரும் ஃபுளோரிடா வகை பாஸையும் விட்டார்கள். 1992-ல் பாரி செயின்ட் கிளேர் என்பவர் இங்கே பிடித்த 18.18 பவுண்டு மீன்தான் இன்றுவரை டெக்சாஸ் மாநிலத்தின் ஆகப் பெரிய பாஸ்.

இந்த ஏரிக்கென்று ஒரு தனி விதி உண்டு. 16 அங்குலம் வரை உள்ள பாஸை எடுத்துக்கொள்ளலாம். 16-க்கும் 24-க்கும் நடுவில் இருந்தால் கட்டாயம் தண்ணீருக்குத் திரும்ப வேண்டும். 24-ம் அதற்கு மேலும் என்றால் நாளைக்கு ஒன்றே ஒன்று. எல்லாம் சேர்த்து ஐந்து. சிறிசை விட்டுவிட்டுப் பெரிசை எடுப்பதுதான் நியாயம் என்று வளர்ந்தவள் நான்; முதலில் இது தலைகீழாகத் தெரிந்தது. நெருக்கமாக முளைத்த கீரைப் பாத்தியை நினைத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. இடையிடையே பிடுங்கிக் கடைசலுக்கு எடுத்தால் மிச்சம் தழைத்து வரும். எடுக்காமல் விட்டால் எல்லாமே குச்சியாக நிற்கும். ஏரியில் இருக்கும் இரை இவ்வளவுதான். அதைத் தின்னச் சின்ன மீன்கள் கூடிப்போனால் ஒன்றும் தேறாது. சிறியதை யாராவது எடுத்துச் சாப்பிடுவார்கள் என்று நம்பித்தான் இப்படி ஒரு விதியே போடப்படுகிறது. ஒருவரும் எடுக்காவிட்டால் விதியில் பாதி வேலை செய்யாது.

பிடித்து விடும் வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. 1967-ல் ரே ஸ்காட் என்பவர் ஆர்கன்சா மாநிலத்தில் பெரிய பாஸ் போட்டியைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் எடைத்தட்டுக்கு வந்த மீன்கள் செத்த மீன்கள். 1972-ல் அவரே, உயிரோடு கொண்டுவந்து எடை போட்டுத் திரும்ப விடுங்கள் என்று ஆரம்பித்தார். அதற்காக அவருக்கு நான் நன்றி சொல்வேன். ஆனால் விடுவது ஒரு விரதம் மாதிரி ஆகி, சாப்பிடுகிறவரைப் பார்த்து முகம் சுளிப்பது பிறகு வந்து சேர்ந்தது. பாஸ் மீனின் உலக சாதனை 22 பவுண்டு 4 அவுன்ஸ். 1932 ஜூன் 2-ம் தேதி ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி என்ற பண்ணை இளைஞர் பிடித்தது. 2009-ல் ஜப்பானின் பிவா ஏரியில் ஒருவர் அதற்குச் சமமாகப் பிடித்தார். சாதனைக் கணக்கில் தாண்டியவர் யாரும் இல்லை. பெர்ரி அந்த மீனை எடை போட்டுப் பதிந்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார். பஞ்ச காலத்தில் அந்தக் குடும்பம் அதைச் சமைத்துச் சாப்பிட்டது. அவரைப் பார்த்து யார் முகம் சுளிக்க முடியும்?

விட்ட மீனெல்லாம் பிழைத்துவிடும் என்பதும் உண்மையில்லை. நான் பயன்படுத்துவது பிளாஸ்டிக் புழு. 1949-ல் நிக் கிரீம் என்பவர் ஒஹையோவில் தன் வீட்டில் உருக்கி வார்த்தது இந்தப் புழு. அவருடைய கம்பெனி பிறகு எங்கள் டைலருக்கே வந்துவிட்டது. நரம்பில் முதலில் தோட்டா வடிவ ஈயம், அப்புறம் முள். முள்ளின் நுனியைப் புழுவின் தலையில் கால் அங்குலம் குத்தி வெளியே எடுத்து, திருப்பி, உடம்புக்குள்ளேயே புதைத்துவிட வேண்டும். நுனி வெளியே தெரியாததால் பாசியிலும் மரக்கிளையிலும் மாட்டாது. வீசிய புழு கீழே இறங்கும்போதுதான் பாஸ் எடுக்கும். கைக்குப் பெரிய இழுப்பு எதுவும் வராது. "டிக்" என்று ஒரு தட்டு, அல்லது நரம்பு காரணமில்லாமல் பக்கவாட்டில் நகரும். அந்த நொடியே கோலை வெட்டி இழுக்க வேண்டும். இரண்டு நொடி யோசித்தால் புழு தொண்டைக்குள் போய்விடும். முள் செவுளுக்குப் பக்கத்தில் ஏறும்.

செவுள் கிழிந்து ரத்தம் வழிகிற மீனை "போ, பிழைத்துக்கொள்" என்று விடுவது இரக்கம் ஆகாது. ஆகஸ்டு மாதத் தண்ணீரில் உயிர்க்காற்று குறைவு. அப்போது போராடி வந்த மீனை வெளியே தூக்கிப் படம் எடுக்கிற நேரமெல்லாம் அது மூச்சில்லாமல் இருக்கிற நேரம். மூச்சுத் திணறுகிறவர்களைத் தினமும் பார்க்கிறவள் நான். நீந்திப் போய்விட்டதே என்று திரும்பி வந்துவிடுகிறோம், மறுநாள் எங்கோ அது மிதப்பதை யாரும் பார்ப்பதில்லை. விட வேண்டிய மீனை நான் ஈரக்கையால்தான் தொடுவேன். முள்ளின் எதிர்ப்பல்லை இடுக்கியால் முன்கூட்டியே நசுக்கிவைத்திருப்பேன். படம் எடுப்பதில்லை. அடிபட்டது 16 அங்குலத்துக்குள் இருந்தால் அது சட்டிக்கு.

சிறியதையே சாப்பிடச் சொல்வதற்கு இன்னொரு காரணம் பாதரசம். காற்றிலிருந்து ஏரியில் இறங்கும் பாதரசத்தை நுண்ணுயிர்கள் வேறு நச்சாக மாற்றுகின்றன. பூச்சியிலிருந்து சின்ன மீனுக்கும், சின்ன மீனிலிருந்து பாஸுக்கும் அது ஏறிக்கொண்டே போகிறது. வயது கூடக் கூட உடம்பில் சேரும். டெக்சாஸ், லூசியானா எல்லையில் உள்ள காடோ ஏரியின் பாஸை அளவோடு சாப்பிடச் சொல்லி அரசு எச்சரிக்கை இருக்கிறது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தங்கள் ஏரிக்கு அப்படி அறிவிப்பு உண்டா என்று பார்க்காமல் சாப்பிடக் கூடாது. பத்து பவுண்டு தாண்டிய பாஸ் அநேகமாக வயதான பெண் மீன்தான். ஏரிக்கு அது தாய். சாப்பிடுகிறவருக்கு அதில்தான் நஞ்சும் அதிகம். அதை விட்டுவிடுங்கள்.

ஏரியில் பிடித்த இந்த மீனைக் கடையில் தேடினால் கிடைக்காது. பிடித்த விளையாட்டு மீனை விற்கக் கூடாது என்பது டெக்சாஸ் சட்டம். மாநிலச் சட்டத்தை மீறிப் பிடித்த பாஸ் எல்லை தாண்டிச் சந்தைக்குப் போவதைத் தடுக்க 1926-லேயே அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. ஆகவே பிடித்தவர் வீட்டு அடுப்பைத் தவிர இதற்கு வேறு அடுப்பு இல்லை.

சுத்தம் செய்வதை வீட்டுக்குப் போய்த்தான் வைத்துக்கொள்வேன். முதுகுச் செட்டையின் முட்கள் ஊசி மாதிரி ஏறும், அதை முதலில் வெட்டிவிட வேண்டும். கோடையில் பிடித்ததில் கொஞ்சம் சேற்று வாடை இருக்கும். தோலை உரித்து, நடுவில் ஓடும் சிவந்த சதையைச் சீவி எடுத்து, கல்லுப்பும் மஞ்சளும் போட்டுப் பிசறி, புளித்தண்ணீரில் பத்து நிமிடம் வைத்தால் வாடை போய்விடும். உள்ளே வெள்ளைச் சதை, கெட்டியாக, இதழ் இதழாகப் பிரியும். கெண்டையில் சதைக்குள் சிக்கிக்கொள்கிற கவட்டை முள் இதில் இல்லை. என் மகள் நான்கு வயதிலிருந்தே தானே எடுத்துச் சாப்பிடுகிறாள். கொழுப்பு குறைவு என்பதால் குழம்பில் ரொம்ப நேரம் கொதிக்கக் கூடாது. சின்ன வெங்காயமும் பூண்டும் வதங்கி, புளிக்கரைசல் சுண்டி, எண்ணெய் மேலே மிதக்கும்போது துண்டுகளைப் போட்டு ஐந்து நிமிடத்தில் இறக்கிவிட வேண்டும். மறுநாள் காலை இட்லிக்கு அந்தக் குழம்பு இன்னும் நன்றாக இருக்கும்.

எல்லாம் சொன்னாலும், சட்டம் தடுக்காத ஒன்றை நான் இப்போது செய்வதில்லை. டெக்சாஸில் பாஸுக்குத் தடைக்காலம் கிடையாது. தண்ணீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டுகிற வசந்தத்தில் ஆண் மீன் கரையோரத்தில் வாலால் சேற்றை விசிறித் தள்ளிப் பள்ளம் பறிக்கும். பெண் முட்டையிட்டுப் போய்விடும். ஆண் இரை தேடப் போகாமல் முட்டைக்குக் காவல் நிற்கும். பக்கத்தில் எது வந்தாலும் பாய்ந்து கவ்வும், அதனால் அப்போது அதைப் பிடிப்பது மிகச் சுலபம். அதை எடுத்த சில நிமிடங்களில் புளூகில் என்ற சின்ன மீன்கள் கூட்டமாக வந்து முட்டைகளைத் தின்று தீர்த்துவிடும். நம் ஊரிலும் இதுதான் நடக்கிறது. செக்கச்செவேலென்று விரால் குஞ்சுகள் பந்தாக மிதக்கும் இடத்தில் தவளையை ஆட்டினால் கீழே காவல் நிற்கும் விரால் தப்பாமல் மாட்டும் என்று தெரிந்து, அந்த நேரம் பார்த்தே தூண்டில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அந்த ஒரு மாதம் விட்டுவிடுங்கள்.

அப்பா இரண்டு வருஷத்துக்கு முன் மார்ச் மாதம் இங்கே வந்திருந்தார். ஏரிக்குக் கூட்டிப்போனேன். முழங்கால் ஆழத் தெளிந்த தண்ணீரில், தாம்பாளம் அளவுப் பள்ளத்தின் மேல் ஒரு பாஸ் செட்டையை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றது. நான் கோலை நீட்டிக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. குந்தி உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "காவ இருக்குதும்மா, வா போவலாம்" என்றார். அன்று மதியம் கடையில் வாங்கிய கெளுத்திதான் குழம்பு.