வளர்ந்துவிட்ட பிள்ளைகளையும் கேளுங்கள்

பெற்றோர் இல்லாத பிள்ளைக்கும், பெற்றோர் கைவிட்ட பிள்ளைக்கும் சர்க்காரே தாய், சர்க்காரே தகப்பன் என்று மேடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தத் தாய்வீட்டிலேயே பிள்ளை அடிபட்டால் அது யாரிடம் போய் முறையிடும்?

இந்தியாவிலேயே முதன்முதலாகச் சிறுவர் சட்டம் இயற்றியது நமது சென்னை மாகாணம். அது 1920-ம் ஆண்டு. நூறு வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டன. இதற்குள் எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகள் சர்க்கார் இல்லங்களிலும் தர்ம ஸ்தாபனங்களிலும் வளர்ந்து வெளியேறிவிட்டார்கள். "அங்கே உங்களை எப்படி நடத்தினார்கள்?" என்று அவர்களை அழைத்துக் கேட்கும் வழக்கம் மட்டும் நம்மிடம் இல்லை.

தண்டையார்பேட்டைக்கு அடுத்த ராயபுரத்தில் சர்க்கார் சிறுவர் இல்லம் இருக்கிறது. 2020 ஜூனில் அங்கே 35 குழந்தைகளுக்குக் கொரோனா கண்டது. உடனே சுப்ரீம் கோர்ட்டு தலையிட்டு, தமிழக சர்க்காரிடம் அறிக்கை கேட்டது. அது நல்ல காரியம். ஆனால் நோயைச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும். பூட்டிய கதவுக்குள் நடக்கும் அடியும் அவமானமும் எந்தச் சோதனையிலும் தெரிவதில்லை. பிள்ளை வாய் திறந்தால்தான் உண்டு.

உயிர் போன பிறகு

2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டு சர்க்கார் கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். அவனை அடித்துக் கொன்றதாக இல்லத்தின் ஊழியர்கள் 6 பேரைப் போலீசார் கைது செய்தார்கள். பிறகு 2023-ல் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைக்கப்பட்டது. அவர் இல்லங்களின் நிலையை ஆராய்ந்து அறிக்கையும் கொடுத்தார். ஓர் உயிர் போன பிறகே அந்த ஆராய்ச்சி வந்தது என்பதை மறக்கலாகாது.

அதற்கு முந்திய கதையும் இருக்கிறது. தமிழ்நாட்டு அநாதை இல்லங்களில் நடந்த கொடுமை பற்றி ஒரு பத்திரிகைக் கட்டுரை சுப்ரீம் கோர்ட்டின் கவனத்துக்குப் போய், 2007-ல் வழக்கானது. தீர்ப்பு வந்தது 2017 மே 5-ந் தேதி. எல்லா இல்லங்களும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்யப்பட வேண்டும், சமூகத் தணிக்கை நடக்க வேண்டும் என்பன போன்ற நல்ல உத்தரவுகள் அதில் இருந்தன. ஆனால், வழக்கு தொடங்கியபோது 8 வயதாக இருந்த பிள்ளைக்குத் தீர்ப்பு வந்தபோது 18 வயது! உத்தரவு இனி வரும் பிள்ளைகளைக் காக்கும். வளர்ந்து வெளியேறிவிட்ட அந்தப் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது?

24 ஆண்டு மவுனம்

ஆஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை ஒரு ராயல் கமிஷன் விசாரித்தது. சிறுவயதில் ஸ்தாபனங்களில் பாலியல் கொடுமைக்கு ஆளான சுமார் 8 ஆயிரம் பேர் அதன் முன் தனித்தனியாக வந்து தங்கள் கதையைச் சொன்னார்கள். அவர்கள் முதன்முதலாக வாய் திறக்கச் சராசரியாக 24 ஆண்டுகள் ஆகியிருந்தன! 2018 அக்டோபர் 22-ந் தேதி அந்நாட்டுப் பிரதமர் பார்லிமெண்டில் மன்னிப்புக் கேட்டார்.

அயர்லாந்தின் கமிஷன் 2009-ல் கொடுத்த அறிக்கை இன்னொரு பாடம் சொல்கிறது. இன்ஸ்பெக்டர் வருவது நிர்வாகிகளுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்ததாம். வந்தவரும் பிள்ளைகளிடம் பேசியது அபூர்வமாம். வெள்ளையடித்த சுவரைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது ஒரு தேசத்தின் தனி வழக்கம் அல்ல போலும்!

பிள்ளைகளிடம் பேசினால் என்ன நடக்கும் என்பதற்குப் பீகார் சாட்சி. டாட்டா சமூக அறிவியல் கழகத்தார் அங்கே இல்லங்களைத் தணிக்கை செய்து, 2018-ல் அறிக்கை கொடுத்தார்கள். முசாபர்பூர் இல்லத்துச் சிறுமிகளுக்கு நேர்ந்த கொடுமை வெளிப்பட்டது. 2020-ல் டில்லி கோர்ட்டு 19 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்த்தது.

பழசைக் கிளறுவதா?

"பழைய சங்கதியைக் கிளறி என்ன லாபம்?" என்று சிலர் கேட்கலாம். அன்று கையோங்கியவர் இன்று வேறோர் இல்லத்தில் மேற்பார்வையாளராக இருந்தால்? அன்று புகாரைக் கிழித்துப் போட்ட பழக்கம் இன்றும் தொடர்ந்தால்? பழசை ஆராயாமல் இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொள்வது? அன்போடு பிள்ளைகளை வளர்த்த இல்லங்கள் பல உண்டு. விசாரணை வந்தால் அவற்றின் நற்பெயர் உறுதிப்படுமே தவிர, குறையாது.

கோர்ட்டுக்குப் போகலாமே என்றால், அந்த வழி குறுகல். போக்சோ சட்டத்தின் கீழ் புகார் கொடுக்கக் காலவரம்பு இல்லை என்று மத்திய சர்க்கார் 2018-ல் தெளிவுபடுத்தியது உண்மைதான். ஆனால் அந்தச் சட்டம் அமலுக்கு வந்ததே 2012 நவம்பர் 14-ந் தேதி. அதற்கு முன் நடந்தவற்றுக்கு அது பொருந்தாது. ஆகவே, மூத்தவர்களுக்குப் பேச ஓர் இடம் வேண்டுமானால் அது விசாரணைக் கமிஷன்தான்.

1952-ம் ஆண்டு விசாரணைக் கமிஷன் சட்டப்படி அதை அமைக்க வேண்டும். அப்போதுதான் சாட்சிகளை அழைக்கவும், பழைய பதிவேடுகளைக் கொண்டுவரச் செய்யவும் அதற்கு அதிகாரம் இருக்கும். அறிக்கை கிடைத்த 6 மாதத்துக்குள், எடுத்த நடவடிக்கையின் விவரத்தோடு அதைச் சட்டசபையில் வைத்தாக வேண்டும் என்பதும் அந்தச் சட்டம். சாதாரணக் குழுவுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. இல்லங்களின் சேர்க்கைப் பதிவேடுகளை இன்றே பத்திரப்படுத்தவும் உத்தரவிட வேண்டும். கரையான் அரித்தபின் கமிஷன் வந்து பயன் என்ன?

கமிஷன் கோட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சம்மன் அனுப்பினால் போதாது. துறைமுகத்தில் சுமை தூக்குகிறவர் ஒரு நாள் கூலியை இழந்து வருவாரா? பேரன் பேத்தி எடுத்த பெண்மணி, பத்துப் பேர் முன்னால் பேசுவாரா? தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் அமர்ந்து, பெயர் வெளிவராதபடி, ஒவ்வொருவராகக் கேட்க வேண்டும். பெண்களைக் கேட்பதற்குப் பெண்கள் இருக்க வேண்டும்.

தாய் என்று சொல்லிக்கொண்ட சர்க்கார், தன் பிள்ளைகளின் குறையைக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது. காலம் கடந்துவிட்டது என்று சொல்லும் உரிமை, இத்தனை காலமும் கேளாமல் இருந்தவர்களுக்கு இல்லை.