நகரசபைக்குள் துப்பாக்கி யாருக்கு?

அமெரிக்காவில் ஒக்லஹோமா என்கின்ற மாகாணத்தில் ஒரு சட்டமுண்டு. ஜில்லா கச்சேரிக்குள் சாதாரண ஜனங்கள் துப்பாக்கியுடன் நுழையக்கூடாது. ஆனால் ஓட்டு வாங்கி வந்த ஜில்லா அதிகாரி, லைசென்சு மாத்திரம் இருந்துவிட்டால், அதே கச்சேரியில் வேலை பார்க்கும்போது கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமாம்! வரி கொடுக்கின்றவனுக்குச் சோதனை, அந்த வரியில் சம்பளம் வாங்குகின்றவனுக்கு விலக்கு. பதவி வந்தவுடன் ஒரு மனிதனுக்குக் கோபமும் பொறாமையும் போய்விடுமா என்று கேட்கின்றோம்.

இவ்விதச் சலுகையின் யோக்கியதையை நியூயார்க் நகரம் 2003-ம் வருஷம் ஜூலை மாதத்தில் கண்டுகொண்டது. அந்நகரசபைக் கட்டிடத்தின் வாசலில் ஆயுதத்தைக் காட்டிக்கொடுக்கும் கருவி இருந்தது. எல்லோரும் அதன் வழியாகத்தான் போகவேண்டும். மெம்பர்களுக்கும் அவர்கள் கூட்டிவரும் விருந்தாளிகளுக்கும் மட்டும் அது வேண்டியதில்லை என்பது வழக்கம். ஜேம்ஸ் டேவிஸ் என்ற மெம்பர், தேர்தலில் தமக்கு எதிராக நிற்க முயன்ற ஒருவனை அவ்விதமே உள்ளே அழைத்துப் போனார். அவனிடம் துப்பாக்கி இருந்தது. சபை மண்டபத்திலேயே அவரைச் சுட்டுக் கொன்றான். டேவிஸ் முன்னாள் போலீஸ்காரர். அவரிடமும் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. அது அவரைக் காப்பாற்றவில்லை.

"அதிகாரிகளுக்குப் பாதுகாப்பு வேண்டாமா?" என்கின்றார்கள். வேண்டும்தான். ஆனால் 2008-ல் மிசௌரி மாகாணத்துக் கர்க்வுட் ஊரில் ஒருவன், நகரசபைக் கட்டிடத்துக்கு வெளியே ஒரு போலீஸ்காரரைக் கொன்று, அவருடைய துப்பாக்கியையே எடுத்துக்கொண்டு சபைக்குள் புகுந்து சுட்டான். இடுப்பிலிருக்கும் ஆயுதம் யார் கைக்குப் போகும் என்று எந்தச் சட்டம் சொல்லும்? மேலும், ஆபத்து வெளியாரிடமிருந்துதான் வருமென்பது என்ன நிச்சயம்? 1978-ல் சான் பிரான்சிஸ்கோ மேயர் மாஸ்கோனியையும் மெம்பர் ஹார்வி மில்க்கையும் நகரசபைக் கட்டிடத்தில் கொன்றவன், சில நாட்களுக்கு முன்வரை அதே சபையில் மெம்பராயிருந்த டான் ஒயிட்! ராஜினாமாச் செய்த பதவியைத் திரும்பக் கேட்டுக் கிடைக்காத ஆத்திரம். வாசல் சோதனைக்குத் தப்ப அடித்தள ஜன்னல் வழியாக நுழைந்தான். மெம்பருக்கு விலக்கென்று சட்டமிருந்து, அவன் பதவியிலும் இருந்திருந்தால், ஜன்னல் ஏறும் சிரமமும் இருந்திராது.

விர்ஜீனியா பீச் நகர அலுவலகத்தில் 2019-ல் அந்நகரத்து எஞ்சினீயர் ஒருவனே 12 பேரைக் கொன்றான். மறுவருஷம் விர்ஜீனியா சட்டசபை, தங்கள் கட்டிடங்களில் துப்பாக்கியைத் தடுக்கும் அதிகாரத்தை ஸ்தல ஸ்தாபனங்களுக்கே கொடுத்தது. நியூயார்க்கிலோ, டேவிஸ் கொல்லப்பட்டவுடனே மேயர் புளூம்பெர்க், இனி எல்லோரும், தாமும் உள்பட, அந்தக் கருவி வழியாகவே போகவேண்டுமென்று உத்தரவிட்டார். ஒரு மேயர் செய்ததை ஒக்லஹோமா அதிகாரிகள் செய்தால் அவர்கள் கௌரவத்துக்கு என்ன குறைந்துவிடும்?