நோர்மல் என்றால் போதுமா?

எமது பிள்ளைகள் கைக்குழந்தைகளாக இருந்தபோது, நிறை எடுத்த ஒவ்வொரு தடவையும் தாதி ஒரு தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்ததை ஆவலோடு பார்த்திருந்தோம். ஊரில் குடும்பநல மாதுவும் அதையேதான் செய்தார். கோடு கொஞ்சம் கீழே சாய்ந்தால் எமக்கு நித்திரை வராது. அப்படிப்பட்ட நாம், ஐம்பது வயதில் எமது சொந்தச் சீனிக்கு ஒரு கோடு வரைந்து பார்ப்பதில்லை.

வைலேயில் எம்மவர் பலர் மிட்ஐடி கொண்டு சுன்ஹெட் டொட் டிகே இணையத்தளத்தில் இரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்க்கிறார்கள். "நோர்மல்தானே" என்று மூடிவிட்டுச் சாப்பாட்டுக் கோப்பையில் கை வைக்கிறார்கள்.

நீண்டகாலச் சீனி என்று நாம் சொல்லும் ஹெச்பிஏ1சி, கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டுவது. டென்மார்க் கணக்கில் 48 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. உதாரணத்துக்கு ஒருவருக்கு 2016 இல் 37, 2019 இல் 39, 2022 இல் 42, 2023 இல் 44, 2024 இல் 46 என்று வைத்துக்கொள்வோம். அட்டவணையில் எதுவும் 48 ஐத் தொடவில்லை. ஆகவே அவருக்குக் கவலையும் இல்லை.

இப்போது ஒரு கட்டக் கொப்பியை எடுப்போம். இடப்பக்கம் அளவு, கீழே ஆண்டு. இங்கேதான் பலர் சறுக்குவது: ஐந்து முடிவுகளையும் சம இடைவெளியில் வைத்தால் கோடு ஒரே சீராக ஏறுவதுபோல் தெரியும். பரிசோதனை செய்யாத ஆண்டுகளுக்கும் கட்டம் விடவேண்டும். விட்டுப் பாருங்கள்: முதல் ஆறு ஆண்டுகளில் ஏறியது 5, கடைசி இரண்டே ஆண்டுகளில் ஏறியது 4. மூங்கபியெர்க் மேட்டில் சைக்கிள் மிதித்தவருக்கு இந்த ஏற்றத்தை விளக்கத் தேவையில்லை. மருந்துக்கு முன்பே நடையாலும் உணவாலும் திருப்பக்கூடிய காலம் இதுதான். எம் போன்ற தெற்காசியருக்கு ஐரோப்பியரைவிட இளவயதிலும், உடல் மெலிவாக இருக்கும்போதும் நீரிழிவு வருகிறது என்பதால், 48 வரும்வரை காத்திருப்பது எமக்குக் கட்டாது.

ஊருக்குப் போனபோது எடுத்த முடிவையும் சேர்ப்பதானால் அலகைக் கவனியுங்கள். அங்கே சதவீதத்தில் 6.5 என்பதுதான் இங்கே 48. விரலில் குத்திப் பார்க்கும் சீனி அங்கே 180 என்றால், 18 ஆல் பிரிக்க இங்கே 10. இரண்டையும் ஒரே கோட்டில் கலந்தால் இல்லாத மலையும் பள்ளமும் தோன்றும். விரல் சீனி சாப்பாட்டோடு ஏறி இறங்குவது. அதற்கு வேறு தாள். ஹெச்பிஏ1சி ஒரே ஒரு தடவை ஒன்றிரண்டு கூடினாலும் பதறவேண்டியதில்லை. மூன்று நான்கு புள்ளிகள் ஒரே பக்கம் போனால்தான் கதை. இரத்தச்சோகை உள்ளவர்களுக்கு இந்த அளவு பிழையாகக் காட்டலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

கோடு வரையப் பிள்ளைகளைக் கூப்பிடலாம், பாடசாலையில் படிப்பதுதானே. அம்மம்மாவின் சீனியைப் பேரன் வரைந்தால், டெனிஷ் தடுமாறும் அம்மம்மாவும் அந்தத் தாளைக் குடும்ப வைத்தியரின் மேசையில் வைத்து, ஏறும் இடத்தில் விரலை ஊன்றிக் காட்டலாம். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் அதன் பிறகு அவரோடு பேசி.