யந்திரத்தின் பிழையும் விமானியின் பழியும்

2009-ம் வருஷம் பிப்ரவரி 25-ந் தேதி, இஸ்தான்புல்லிலிருந்து 135 பேருடன் வந்த துருக்கி ஆகாய விமானம், ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் நிலையத்துக்குச் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு இப்பால் ஒரு வயலில் விழுந்தது. 9 பேர் மாண்டனர்; மூன்று விமானிகளும் அவர்களுள் அடக்கம். மாண்டவர்கள் பதில் சொல்ல வரமாட்டார்கள். ஆகவே முழுப் பழியையும் அவர்கள்மீது சுமத்துவது சுலபம். அதைத்தான் நாம் ஆட்சேபிக்கிறோம்.

அந்த போயிங் 737-800 விமானத்தில் ரேடியோ உயரமானிகள் இரண்டு. விமானம் ஏறக்குறைய 1,950 அடி உயரத்தில் இருக்கையில், இடப்புறக் கருவி உயரம் 'மைனஸ் 8 அடி' என்றது. பூமிக்கு எட்டு அடி கீழே விமானம் பறக்கிறதென்றால் பள்ளிச் சிறுவனும் நகைப்பான். வேகத்தைக் கவனிக்கும் தானியங்கி யந்திரமோ அதை அப்படியே நம்பியது. தரையைத் தொடும் தருணம் வந்துவிட்டதென்று எஞ்சின்களின் விசையை அடியோடு குறைத்தது. வலப்புறக் கருவி சரியாகவே இருந்தது. ஆனால் இடப்புறக் கருவி பழுதென்று கண்டுகொள்ளப்பட்டாலன்றி, வலப்புறத்தை அது கேட்பதில்லை. விமானத்தைச் செலுத்திய மற்றொரு தானியங்கியோ வலப்புறக் கருவியை நம்பி, பாதை தவறாதிருக்க மூக்கை மேலே மேலே தூக்கிக்கொண்டிருந்தது. ஒருவன் மாட்டை அவிழ்த்துவிட, மற்றவன் வண்டியை மேட்டில் ஏற்ற முயன்ற கதைதான்!

விமானிகள் பிழையே செய்யவில்லை என்று நாம் வாதிக்கவில்லை. மேக மூட்டத்தில் 1,000 அடிக்குள் வேகமும் நிலையும் சீர்ப்படாவிடில் இறங்கும் முயற்சியைக் கைவிட்டு மேலே எழும்ப வேண்டுமென்பது அவர்களது கம்பெனியின் விதி. அவ்வாறு செய்யவில்லை. மூன்று ஜோடிக் கண்களில் ஒன்றும் குறைந்துவந்த வேகத்தைக் காணவில்லை. ஆனால், இறங்குபாதையை மேலிருந்து பிடிக்கும்படி அவர்கள் அனுப்பப்பட்டதால், விசை குறைவது அப்போது இயல்பாகவே தோன்றிற்று. 460 அடியில் அபாய எச்சரிக்கை எழுந்தது. துணை விமானி விசையைக் கூட்டினார். தலைமை விமானி பொறுப்பை ஏற்கும் இடைவெளியில், துண்டிக்கப்படாத யந்திரம் அதைப் பின்னுக்கு இழுத்துவிட்டது. பிறகு முழு விசை கொடுத்தும் பயனில்லை.

இனி நமது கேள்வி. அதே விமானத்தில், முந்தைய எட்டுப் பிரயாணங்களுக்குள் இருமுறை இதே கோளாறு தோன்றியிருந்தது. அச்சமயங்களில் விமானிகள் சமாளித்தனர். ஆனால் அடுத்து ஏறியவர்களுக்குச் செய்தி எட்டவில்லை. உயரமானிகள் இவ்வாறு பிசகுவதை உற்பத்தியாளரும் அறிந்தே இருந்தனர். விமானிகள் சரிசெய்துகொள்வார்கள் என்று வாளாவிருந்தனர். விபத்துக்குப் பின் ஹாலந்து விசாரணைச் சபைக்காக நிபுணர் ஸிட்னி டெக்கர் 2009-ல் எழுதிய அறிக்கை, 2020-ல்தான் பகிரங்கமாயிற்று. அதற்கு முன்பே, 2018-லும் 2019-லும், ஒற்றைக் கருவியின் பொய்யை நம்பிய யந்திரத்தால் இரண்டு போயிங் 737 மாக்ஸ் விமானங்கள் வீழ்ந்து 346 பேர் மடிந்துவிட்டனர்.

இறங்கும் வேளையில் யந்திரம் புரியாத காரியம் செய்தால், அதைத் துண்டித்துக் கையால் செலுத்தி மேலெழும்பும் பயிற்சியை ஒவ்வொரு விமானிக்கும் கம்பெனிகள் இடைவிடாது அளிக்க வேண்டும். சிறு கோளாறாயினும் குறிப்பேட்டில் எழுதி, அடுத்து ஏறுபவரிடம் சொல்லியாக வேண்டும். யந்திரம் எந்தக் கருவியை நம்புகிறது, எதை நம்புவதில்லை என்பதை உற்பத்தியாளர் விமானிகளுக்கு ஒளிக்காமல் தெரிவிக்க வேண்டும். விசாரணைச் சபைகள் தாம் கேட்டுப் பெற்ற அறிக்கைகளைப் பதினோரு வருஷம் பெட்டியில் வைத்துப் பூட்டலாகாது.