மரத்த கைக்கு வேலூர் வைத்தியம்

அடுப்பிலிருந்து கொதிக்கும் பானையை வெறுங்கையால் இறக்குகிறார் ஒருவர். கை வேகிறது, அவருக்குத் தெரியவில்லை! தொழுநோய்க் கிருமி நரம்பைக் கெடுத்தால் இப்படித்தான். விரல்களும் மடங்கிவிடும்.

செத்துப்போன நரம்பை மருந்தால் பழையபடி ஆக்க இன்றும் வழியில்லை. கொல்லிமலையில் பிறந்த வெள்ளைக்கார டாக்டர் பால் பிராண்ட், 1948-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் குறுக்குவழி கண்டார். நரம்பு கெடாத தசையின் நாணை எடுத்து, மடங்கிய விரல்களில் பொருத்தினார். விரல்கள் நிமிர்ந்தன. கூலி வேலைக்குப் போனார்கள். உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை.

அனந்தபுரம், செஞ்சிப் பக்கத்துத் தாய்மார்களே, குழந்தை உடம்பில் உணர்ச்சியற்ற, வெளுத்த தேமல் கண்டால் ஊருக்குப் பயந்து மூடி வைப்பது பெருந்தவறு. கல்யாணம் தடைப்படும் என்கிறார்கள். விரல் மடங்கினால் தடைப்படாதா? அரசு ஆஸ்பத்திரியில் கூட்டு மருந்து இலவசம். 6 மாதமோ 12 மாதமோ விடாமல் சாப்பிட்டால் கிருமி ஒழியும்.